பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் ஏன் இறுகுகிறது?

பக்கவாதம் வந்த முதல் சில நாட்களில் பாதித்த கை துவண்டு கிடக்கும். தூக்கி விட்டால் பொத்தென்று விழும். சில வாரங்கள் போனதும் அதே கை மெல்ல மடங்கத் தொடங்கும். முழங்கை வளையும், மணிக்கட்டு உள்பக்கம் குனியும், விரல்கள் சுருண்டு முஷ்டியாகும். இதைப் பார்க்கும் வீட்டாரில் சிலர், "பிடி எவ்வளவு பலமாக இருக்கிறது பாருங்கள், கை திரும்பி வருகிறது" என்று சந்தோஷப்படுவார்கள். வேறு சிலர், "ஒழுங்காக உடற்பயிற்சி செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா" என்று நோயாளியைக் கடிந்துகொள்வார்கள். நடப்பது இரண்டுமே இல்லை.

மருத்துவர்கள் இதை ஸ்பாஸ்டிசிட்டி என்பார்கள். பக்கவாதத்தில் மட்டும் வருவதில்லை. தலையில் பலத்த அடி, தண்டுவடக் காயம், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய், குழந்தைகளுக்கு வரும் பெருமூளை வாதம் ஆகிய எல்லாவற்றிலும் வரும். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகத் தசைக்குக் கட்டளை இறங்கி வரும் பாதை எந்த இடத்தில் பழுதானாலும் இது வரலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இந்த இறுக்கத்தோடு வாழ்கிறார்கள். ஆக, இது யாருடைய சோம்பேறித்தனத்தாலும் வருவதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் மருத்துவர் தட்டினால் கால் உதறுமே, அங்கிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு தசைக்குள்ளும் அது எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று கவனிக்கும் நுண்ணிய உணரிகள் உண்டு. தசை சட்டென்று நீண்டால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். தண்டுவடம் மூளையைக் கேட்காமலேயே "சுருங்கு" என்று அந்தத் தசைக்குத் திருப்பிச் சொல்லிவிடும். சுத்தியல் தட்டும்போது நடப்பது இதுதான்.

ஆரோக்கியமான உடம்பில் இந்த அனிச்சைச் செயலை மூளை எப்போதும் அடக்கியே வைத்திருக்கும். இல்லாவிட்டால் நாம் கை நீட்டும்போதெல்லாம் எதிர்ப்பக்கத் தசை வெட்டி இழுக்கும். மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்தப் பகுதி செத்துப்போனால், "கையை நீட்டு" என்ற கட்டளையும் வராது, "அமைதியாக இரு" என்று அடக்கும் செய்தியும் வராது. முதலாவது இல்லாததால் பலவீனம், இரண்டாவது இல்லாததால் இறுக்கம். முதல் நாளிலேயே இறுக்கம் வராமல் சில வாரங்கள் பிடிப்பதற்குக் காரணம், தண்டுவட நரம்பணுக்கள் புதிய நிலைமைக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொண்டு, சின்னத் தூண்டலுக்கும் துள்ளும்படி ஆவதற்கு அவ்வளவு காலம் வேண்டும் என்பதே.

1980இல் ஜேம்ஸ் லான்ஸ் என்ற ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் இதற்குச் சொன்ன வரையறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் முக்கியமான சொல் 'வேகம்'. காரில் சீட் பெல்ட்டை மெதுவாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். இறுகிய தசையும் அப்படியே. மெதுவாக நீட்டினால் ஓரளவு கொடுக்கும். வேகமாக நீட்டினால் பாதியில் பிடித்துக்கொள்ளும். பார்க்கின்சன் நோயில் வரும் விறைப்பு வேறு வகை. அதில் மெதுவாக அசைத்தாலும் வேகமாக அசைத்தாலும் எதிர்ப்பு ஒரே மாதிரி இருக்கும்.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் வீட்டில் பார்த்துக்கொள்பவரின் வேலை பாதி சுலபமாகிவிடும். சட்டை மாட்டுவது, குளிப்பாட்டுவது, படுக்கையில் திருப்புவது என எதையும் அவசரமாகச் செய்தால் தசை எதிர்க்கும்.

இறுக மூடிய கையைத் திறப்பதையே எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையைக் கழுவ வேண்டும், நகம் வெட்ட வேண்டும். பலரும் விரல் நுனியைப் பிடித்து ஒவ்வொன்றாக நெம்புவார்கள். கை இன்னும் இறுகும், நோயாளி வலியில் முகம் சுளிப்பார். பிசியோதெரபிஸ்ட் வேறு மாதிரி செய்வார். முன்கையை ஒரு தலையணை மேல் வைத்துத் தாங்கிக்கொள்வார். முதலில் மணிக்கட்டை, அது ஏற்கெனவே குனிந்திருக்கிற திசையிலேயே இன்னும் கொஞ்சம் மடக்குவார். விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன என்பதால், மணிக்கட்டு குனிந்ததும் அவை தளரும். அப்புறம் கட்டைவிரலை நுனியில் பிடிக்காமல் அடிப்பகுதியில் பிடித்து, உள்ளங்கையிலிருந்து மெல்ல வெளியே கொண்டுவருவார். மற்ற விரல்களையும் அடியிலிருந்தே விரிப்பார். விரல்கள் நீண்ட பிறகுதான் மணிக்கட்டை நிமிர்த்துவார். ஒருமுறை அவரையே செய்துகாட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

எல்லா இறுக்கமும் ஒன்றல்ல

பக்கவாதத்தில் இறுக்கத்துக்கு ஒரு வாடிக்கையான வடிவம் உண்டு. கையில் மடக்கும் தசைகள் வெல்லும்: தோள் உடலோடு ஒட்டும், முழங்கை மடங்கும், கட்டைவிரல் உள்ளே சிக்கிக்கொள்ளும். காலில் பெரும்பாலும் நீட்டும் தசைகள் வெல்லும்: முழங்கால் விறைக்கும், பாதம் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் திரும்பும். அதனால்தான் நடக்கும்போது காலை அரைவட்டமாகச் சுழற்றி வைக்கிறார்கள்.

கொட்டாவி விடும்போது செயலற்ற கை தானாக மேலே எழும்புவதைச் சிலர் பார்த்திருக்கலாம். வேகமாக நடக்கும்போதோ தும்மும்போதோ முழங்கை இன்னும் மடங்கும். பயப்பட வேண்டியதில்லை. கை குணமாகிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீல்சேரின் கால்தட்டில் வைத்த பாதம் தடதடவென்று துள்ளுவதும் இதே குடும்பம்தான். குதிகாலைத் தட்டில் பதித்து, முழங்காலின் மேல் கையை வைத்து நிதானமாகக் கீழே அழுத்தினால் பொதுவாக நின்றுவிடும்.

இன்னொரு வேறுபாடு சிகிச்சையையே தீர்மானிக்கிறது. நரம்பு தூண்டுவதால் வரும் இறுக்கம் ஒன்று. நாள்கணக்கில் மடங்கியே கிடந்ததால் தசையும் தசைநாணும் நிஜமாகவே குட்டையாகி, மூட்டு பூட்டிக்கொள்வது மற்றொன்று. பின்னதைக் காண்ட்ராக்சர் என்பார்கள். முதலாவதற்கு மருந்தும் ஊசியும் வேலை செய்யும். இரண்டாவதற்கு எந்த மாத்திரையும் பயன்படாது. எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் ஒரே இடத்தில் கல்லாக நின்றால் காண்ட்ராக்சர் என்று சந்தேகிக்கலாம். பெரும்பாலானவர்களிடம் இரண்டும் கலந்தே இருக்கும்.

மருத்துவக் குறிப்பில் 'ஆஷ்வொர்த் 2', '1+' என்று எழுதியிருப்பார்கள். 1964இல் ஆஷ்வொர்த் என்பவர் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்த ஒரு மருந்தின் பலனைப் பார்க்க வகுத்த அளவுகோல் அது, 1987இல் திருத்தப்பட்டது. 0 என்றால் இறுக்கமில்லை, 4 என்றால் அசையவே இல்லை. எளிமையானது என்பதால் எங்கும் பயன்படுகிறது. ஆனால் நரம்பு இறுக்கத்தையும் காண்ட்ராக்சரையும் அது பிரித்துக் காட்டாது. மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை நீட்டிப் பார்க்கும் டார்ட்யூ முறை அந்த வகையில் மேல். எப்படியானாலும், அந்த எண் 3லிருந்து 2 ஆனது என்பதற்காக மட்டும் யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். எண் குறைந்ததால் எந்த வேலை எளிதானது என்று கேளுங்கள்.

திடீரென்று கூடினால்

இத்தனை நாள் ஒரே மாதிரி இருந்த இறுக்கம் இரண்டு மூன்று நாளில் எகிறினால், மாத்திரையைக் கூட்டச் சொல்லும் முன் உடம்பை ஒருமுறை தலை முதல் கால் வரை பாருங்கள். சிறுநீர்த் தொற்று, நிரம்பி வழியும் சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால்விரல் நகம், இறுக்கமான காலுறை, அழுத்தும் ஸ்ப்லிண்ட் (மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை), வெளியே தெரியாத எலும்பு முறிவு, காலில் இரத்தக்கட்டி என எதுவும் காரணமாகலாம். நோயாளிக்கு அந்த இடத்தில் உணர்ச்சியே இல்லாவிட்டாலும் தண்டுவடம் அந்தத் தொந்தரவை உணர்ந்து தசையை இறுக்கும். பேச முடியாதவர்களிடம் சில சமயம் இறுக்கம்தான் முதல் அறிகுறி. குளிரும் பதற்றமும் தூக்கமின்மையும்கூடக் கூட்டும். மருந்துகளில், மனச்சோர்வுக்குத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை சிலருக்கு இறுக்கத்தை அதிகமாக்குவது உண்டு. அதைத் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தண்டுவடத்தில் நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் பட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இறுக்கத்தோடு கடுமையான தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல் சேர்ந்து வந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

குறைக்கத்தான் வேண்டுமா?

இறுக்கம் என்றாலே கெட்டது, முழுக்கப் போக்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் பலரும் மருத்துவரிடம் வருகிறார்கள். நான் இதில் மாறுபடுவேன். தொடையில் பலமில்லாத ஒருவர் அந்தக் கால் விறைப்பாக இருப்பதால்தான் நிற்கவே முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பை முழுவதும் எடுத்துவிட்டால் அவர் கீழே விழுவார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற அந்த விறைப்பையே ஊன்றுகோலாகப் பயன்படுத்துபவர்கள் உண்டு.

ஆகவே சிகிச்சை தொடங்கும் முன் ஒரு தெளிவான வேலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். "கை சரியாக வேண்டும்" என்பது போதாது. "உள்ளங்கையை வலியில்லாமல் கழுவ வேண்டும்", "இரவில் கால் வெட்டி இழுக்காமல் தூங்க வேண்டும்", "குதிகால் தரையில் பட வேண்டும்" என்று சொன்னால் மருத்துவரும் தெரபிஸ்ட்டும் எந்தத் தசை, எந்த வழி என்று முடிவு செய்ய முடியும். எந்த வேலைக்கும் இடைஞ்சல் இல்லாத, வலிக்காத, மூட்டைப் பூட்டாத இறுக்கத்தைக் கண்காணித்துக்கொண்டு அப்படியே விட்டுவிடலாம்.

அன்றாடம் செய்வது

அடிப்படை, படுக்கும் நிலையும் உட்காரும் நிலையும். பாதித்த கை தலையணை மேல் தாங்கலாக, உடலிலிருந்து சற்று விலகி, விரல்கள் விரிந்து இருக்கட்டும். உட்காரும்போது இரு பாதமும் முழுதாகத் தரையில் படட்டும். சட்டை போடும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். எழுப்பும்போது பாதித்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பக்கவாதத் தோள் எளிதில் நழுவும், அந்த வலி இறுக்கத்தை இன்னும் கூட்டும்.

தசையை நீட்டிப் பிடிக்கும் பயிற்சி பற்றி ஒரு சங்கடமான உண்மை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சில மாதங்கள் வரை தொடர்ந்து செய்யும் நீட்டல் பயிற்சி மூட்டின் அசைவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் தருவதில்லை என்று கண்டது. அதற்காகக் கையை அசைக்காமல் போட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. தினமும் மெதுவாக அசைப்பது சுத்தத்துக்கும், உடை மாற்றுவதற்கும், நோயாளியின் ஆறுதலுக்கும் வேண்டியதுதான். ஆனால் அழ அழ இழுத்துப் பிடிப்பதில் லாபமில்லை. அந்த நேரத்தைக் கொஞ்சமாவது வேலை செய்யும் தசைகளைப் பயன்படுத்தச் செலவிட்டால் நல்லது: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, குவளையை எட்டிப் பிடித்து விடுவது, தாங்கலோடு நிற்பது. பலப்படுத்தும் பயிற்சி இறுக்கத்தைக் கூட்டிவிடும் என்று ஒருகாலத்தில் தெரபிஸ்ட்டுகளே தவிர்த்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அந்தப் பயம் தேவையில்லை என்று காட்டின.

அப்புறம் அந்த மென்மையான பந்து. யார் வந்தாலும் நோயாளியின் கையில் ஒன்றைத் திணித்து அழுத்தச் சொல்வார்கள். ஏற்கெனவே மூடிக்கொண்டிருக்கும் கைக்கு மூடும் பயிற்சி எதற்கு? அந்தக் கைக்கு வராதது திறப்பதுதான். பந்தை வைத்தே பழகுவதென்றால், பிடித்ததை விடுவதில் கவனம் இருக்கட்டும்.

ஸ்ப்லிண்ட், கணுக்காலைத் தாங்கும் ஏஎஃப்ஓ, படிப்படியாகக் கோணத்தை மாற்றிப் போடும் மாவுக்கட்டு ஆகியவை தேவைப்பட்டால் தெரபிஸ்ட் பரிந்துரைப்பார். எதைப் போட்டாலும் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அளவு சரியில்லை. வெந்நீர் ஒத்தடம் சிறிது நேரம் தளர்த்தும். ஆனால் உணர்ச்சி குறைந்த தோல் சுடுவதைச் சொல்லாது, எனவே சூட்டை முதலில் நல்ல கையால் சோதிக்க வேண்டும்.

மாத்திரை, ஊசி, பம்ப்

மாத்திரைகளில் அதிகம் எழுதப்படுவது பேக்லோஃபென். தண்டுவடத்தில் நரம்புத் தூண்டலை அது தணிக்கிறது. பொதுவாக 5 மில்லிகிராம் அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். உடம்பு முழுக்கப் போகும் மருந்து என்பதால் நல்ல பக்கத்தையும் தளர்த்தும், தூக்கம் தரும். முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் குழப்பம் வரலாம். இதில் மறக்கக் கூடாத ஒன்று: நாள்பட எடுத்த பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் இறுக்கம் முன்பைவிட மோசமாகத் திரும்பும், காய்ச்சல், மனப்பிரமை, வலிப்புகூட வரலாம். மாத்திரை தீர்ந்துபோய் இரண்டு நாள் தாமதமாவதும் நிறுத்துவதுதான். டிசானிடின் என்ற இன்னொரு மாத்திரைக்கு வாய் உலர்வதும் இரத்த அழுத்தம் இறங்குவதும் சகஜம். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு அதைச் சேர்க்கவே கூடாது. மூன்றாவது மருந்தான டான்ட்ரோலீன் தசைக்குள்ளேயே வேலை செய்யும், ஈரலைக் கண்காணிக்க வேண்டும்.

கையிலோ காலிலோ குறிப்பிட்ட சில தசைகள் மட்டும் தொந்தரவு செய்தால் உடம்பு முழுக்க மருந்து எதற்கு? பக்கவாதத்தில் பெரும்பாலும் நிலைமை இதுதான். அதற்கு ஏற்றது பொட்டுலினம் ஊசி. முகச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் என்றால் பலருக்கும் தெரியும்; அதே மருந்துதான். நரம்பின் முனையிலிருந்து அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவருவதை இது தடுக்கிறது, அதனால் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. அமெரிக்காவில் கை இறுக்கத்துக்கு 2010இல் அனுமதி கிடைத்தது. ஸ்கேனிலோ மின்சமிக்ஞையிலோ தசையைப் பார்த்துக்கொண்டே போடுவார்கள். பலன் சில நாளில் தொடங்கி, ஒரு மாதத்தை ஒட்டி உச்சத்துக்கு வந்து, சுமார் மூன்று மாதத்தில் தேயும். மறு ஊசிக்குப் பொதுவாக 12 வாரமாவது இடைவெளி விடுவார்கள்.

இந்த ஊசியால் கை பழையபடி வேலை செய்யும் என்று நினைத்துப் போட்டுக்கொண்டு ஏமாறுபவர்கள் அதிகம். இறுக்கம் தளரும், வலி குறையும், கழுவுவதும் உடுத்துவதும் எளிதாகும். தொலைந்த அசைவை அது கொண்டுவராது. இறுக்கத்துக்குப் பின்னால் மறைந்திருந்த பலவீனம்தான் வெளியே தெரியும். ஓரளவு அசைவு மிச்சமிருப்பவருக்கு, தளர்ந்திருக்கும் அந்த வாரங்களில் தீவிரமாகப் பயிற்சி செய்தால் பலன் உண்டு. ஊசி மட்டும் போட்டுவிட்டு வீட்டில் சும்மா இருப்பது பணத்துக்குக் கேடு. ஊசிக்குப் பிறகு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதுதான், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு கால்களும் கடுமையாக இறுகி, மாத்திரை கேட்காத நிலையில் பேக்லோஃபென் பம்ப் யோசிக்கப்படும். வயிற்றுத் தோலுக்கு அடியில் சிறு பம்ப்பைப் பொருத்தி, மெல்லிய குழாய் வழியாக மருந்தை நேரே தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் விடுவார்கள். மாத்திரையில் கொடுப்பதில் மிகச் சிறிய பங்கே போதும் என்பதால் மந்தம் குறையும். முதலில் ஒரு சோதனை ஊசி போட்டுப் பலன் தெரிந்தால்தான் பொருத்துவார்கள். அதன்பின் குறித்த நாளில் மருந்து நிரப்பத் தவறினால், மேலே சொன்ன அதே ஆபத்து இன்னும் வேகமாக வரும்.

அறுவை சிகிச்சை பெரும்பாலும் காண்ட்ராக்சருக்கு: குட்டையான தசைநாணை நீட்டுவது, பாதத்தைத் திருப்பும் நாணின் பாதியை வேறிடத்தில் பொருத்துவது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் சிலருக்கு, தண்டுவடத்துக்குள் போகும் உணர்வு நரம்பிழைகள் சிலவற்றை வெட்டுவதும் உண்டு. தகுந்த குழந்தையைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதன் வெற்றி இருக்கிறது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது செல்போனில் சின்ன வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்: நடப்பது, சட்டை போடுவது, காலையில் எழும்போது கை இருக்கும் நிலை. பரிசோதனை அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும்போது தெரிகிற இறுக்கமும், வீட்டில் இரவு இரண்டு மணிக்கு வருகிற இறுக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. எல்லா மாத்திரைகளின் அட்டைகளும், கடைசி ஊசி போட்ட தேதியும், எந்தத் தசையில் எவ்வளவு போட்டார்கள் என்ற குறிப்பும் கையில் இருந்தால், அடுத்தது என்ன என்று அங்கேயே முடிவெடுக்கலாம்.